ஆபத்து எல்லை: 122

ஏப்ரல் 28

வேலூரில் வெயில் 104.3. முப்பத்தொரு ஆண்டுகள் மாவட்ட நிருபராக இந்த வரியை எழுதியிருக்கிறேன். ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகியும் நாட்குறிப்பைத் திறந்தால் கை முதலில் இதைத்தான் எழுதுகிறது.

டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். மே 23. என் மனைவி கோமளாவின் குரல்வளையை முழுவதும் எடுத்துவிடப் போகிறார்கள். கட்டி வளர்ந்துவிட்டதால் பாதியை எடுப்பது என்ற பேச்சு இனி இல்லை. உயிருக்குப் பயமில்லை என்றார். கழுத்தில் போடும் துளை வழியாக மூச்சு விடுவாள். பேச்சு இருக்காது. மூன்று மாதம் கழித்து வேறு முறையில் பேசப் பழக்குவார்களாம். அது வேறு மாதிரிக் குரல் என்றும் சொன்னார்.

கோமளா ஒன்றுதான் கேட்டாள். "காரம் சாப்பிடலாமா டாக்டர்?"

பொங்கலிலிருந்தே குரல் கரகரப்பு. இப்போது உப்புத்தாளில் தேய்த்தது போல வருகிறது. டாக்டர் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பட்டியல் போட ஆரம்பித்தேன். அவளுடைய பழைய குரல் எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியல்.

ஏப்ரல் 30

இந்த ஊரில் பாதிப் பேருக்கு கோமளாவைத் தெரியாது, ஆனால் குரலைத் தெரியும். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போகும் அறிவிப்புகளில் இருபத்தாறு ஆண்டுகள் பேசியவள். ஆடித் தள்ளுபடி, மின்தடை, போலியோ சொட்டு மருந்து, தேர்த்திருவிழா, காணாமல் போன குழந்தை. எல்லாம் ஏழுமலையின் சவுண்ட் சர்வீஸ் கடைக்குப் பின்னால், மெத்தை அடித்த சின்ன அறையில் பேசியது.

இன்று அந்தக் கடைக்குப் போனேன். ஏழுமலை பரணிலிருந்து இரண்டு சாக்கு மூட்டைகளை இறக்கினார். கேசட், சிடி, நூல் கட்டிய பென் டிரைவ்கள்.

"சார், ரோடு அகலப்படுத்தறாங்க. பதினஞ்சாம் தேதிக்குள்ள கடைய காலி பண்ணணும். நல்ல நேரத்துல வந்தீங்க. அக்கா எப்படி கீறாங்க?"

"நன்றாக இருக்கிறாள்" என்றேன். மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றினேன்.

மே 2

பஜாரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஃபர்சானா வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். என் பழைய கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து, நான்கு ஹார்டு டிஸ்குகள் போட்டு, வீட்டுக்குள்ளேயே ஒரு சேமிப்பு சர்வர் அமைத்துத் தருமாறு கேட்டிருந்தேன்.

"நானூறு அறிவிப்புதானே சார்? ஒரு பென் டிரைவ் போதுமே. நாலு பேர் போறதுக்கு ரயிலையே புக் பண்றீங்க."

"பென் டிரைவ் தொலையும்."

"டிஸ்க் மட்டும் என்ன, சாகாவரம் வாங்கினதா?" என்று சிரித்தார். பிறகு விளக்கினார். நான்கு டிஸ்கிலும் தகவலைப் பிரித்து எழுதும். ஒன்று போனால் மற்ற மூன்றும் சேர்ந்து, போனது என்ன என்று சொல்லிவிடும். இரண்டு ஒன்றாகப் போனால் எல்லாம் போச்சு. "அதனால இதுக்கு வெளியிலேயும் ஒரு காப்பி வைங்க சார். வேற வீட்ல. வேற ஊர்ல இருந்தா இன்னும் நல்லது."

சரி என்றேன். 23ஆம் தேதிக்குப் பிறகு செய்யலாம்.

அவர் வருவதற்குள் நான்கு டிஸ்கையும் நானே பொருத்தி வைத்திருந்தேன். பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இட்லித் தட்டு மாதிரி அடுக்கிட்டீங்களே! ஆவியிலயே வெந்துடும்." ஒன்று விட்டு ஒன்றாக இடைவெளி விட்டு மாற்றினார்.

மே 4

கத்திரி ஆரம்பம். 107.1.

டிஸ்குக்குச் சூடு ஆகாது. நாற்பதுக்குக் கீழே இருந்தால் நிம்மதி, நாற்பத்தைந்தைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும், ஐம்பதைத் தாண்டினால் தானாக நின்றுவிட வேண்டும் என்று ஃபர்சானா சொல்லியிருக்கிறார். எல்லாம் செல்சியஸ் கணக்கு.

எனக்கு வெயில் என்றால் பாரன்ஹீட். காய்ச்சலும் பாரன்ஹீட். நூறைத் தொட்டால்தான் செய்தி. 'சதமடித்தது வெயில்' என்று எத்தனை முறை தலைப்பு வைத்திருப்பேன்! திரையில் 44 என்று பார்த்தால் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அதனால் மாற்றி எழுதிக்கொள்கிறேன். இன்று மாலை நான்கு மணிக்கு:

டிஸ்க் 1: 111.2. டிஸ்க் 2: 114.8. டிஸ்க் 3: 111.2. டிஸ்க் 4: 109.4.
ஆபத்து எல்லை: 122.

இப்படி எழுதினால்தான் சூடு எனக்குத் தெரிகிறது.

மே 5

கேசட்டுகளை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஓடும் நேரம் ஓடித்தான் ஆக வேண்டும், அவசரப்படுத்த முடியாது. அறையில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைத்திருக்கிறேன். நான்கு டிஸ்கும் வண்டு போல ரீங்கரிக்கின்றன. அந்த ஒலிக்கு மேலே கோமளா, வயது இருபத்தெட்டு, சுண்ணாம்புக்கார வீதியில் பச்சைச் சட்டை அணிந்த மூன்று வயதுக் குழந்தையைக் காணவில்லை என்கிறாள். கண்டவர்கள் அருகில் உள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கவும். அந்தக் குழந்தை கிடைத்ததா? செய்தி எழுதிய நினைவு இல்லை. கிடைத்திருந்தால் இப்போது அவனுக்கு முப்பத்தாறு வயது.

சமையலறையிலிருந்து இன்னொரு கோமளா கூப்பிட்டாள். டேப்பை நிறுத்தினால் நடுவில் வெட்டுப்படும். முடித்துவிட்டுப் போனேன். சாதம் ஆறியிருந்தது.

மே 7

108.5. டிஸ்க் 2 மட்டும் 116.6 வரை போகிறது. ஹாலில் இருந்த ஏர்கூலரை இந்த அறைக்கு நகர்த்தினேன். கோமளா ஃபேனே போதும் என்றாள்.

மே 8

இன்று ஒரு கூத்து. ஒரு சிடியைச் சரிபார்க்க ஸ்பீக்கரில் போட்டேன். "பொதுமக்கள் கவனத்திற்கு. இன்று மாலை நான்கு மணி முதல் நாளை மாலை வரை குடிநீர் விநியோகம் நிறுத்தப்படுகிறது." 2003ஆம் ஆண்டு அறிவிப்பு. அடுத்த போர்ஷன் ரெஜினா டீச்சர் அரை மணி நேரம் கழித்து மூச்சு வாங்க வந்து நின்றார்.

"ஏங்க, உங்ககிட்ட காலி குடம் இருக்கா? என் வீட்ல டம்ளர் உட்பட எல்லாத்துலயும் பிடிச்சுட்டேன்."

கோமளா சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலானது. "டீச்சர், அது இருபது வருஷத்துக்கு முன்னாடி வராத தண்ணி."

"அப்ப அது நீங்களா?" ரெஜினா டீச்சர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினோரு ஆண்டுகளாகப் பக்கத்து வீடு. "உங்க குரல் கேட்டுத்தான் கோமளா நான் புடவையே எடுப்பேன்" என்றார். 

மே 9

ஃபர்சானாவை மறுபடி வரவழைத்தேன். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இரண்டு ஃபேன் போட்டும் சூடு குறையவில்லை. திறந்து பார்த்தார். ஃபேனின் விளிம்பில் காற்று போகும் திசையைக் காட்டும் சின்ன அம்புக்குறி இருக்கிறது. அதை நான் கவனிக்கவில்லை.

"ரெண்டும் எதிரும் புதிருமா நின்னு ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் ஊதிட்டிருக்காங்க சார். காத்து எங்கே போகும்?"

முன்னால் இருப்பது உள்ளே இழுக்க வேண்டும், பின்னால் இருப்பது வெளியே தள்ள வேண்டும். மாற்றியதும் ஆறு டிகிரி இறங்கியது. ஏர்கூலரை நேராக வைக்காதீர்கள், ஈரக்காற்று டிஸ்குக்கு நல்லதல்ல என்றார். சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன்.

போகும்போது ஹாலில் கோமளா தரையில் ஈரத்துண்டை விரித்துப் படுத்திருப்பதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

மே 11

காலை முழுவதும் சர்வரின் அமைப்புப் பக்கத்தில் வேலை. ஃபர்சானா ஃபோனிலேயே வழி சொன்னார். எச்சரிக்கை ஒலிக்கும் வெப்பநிலை என்ன, தானாக நிற்கும் வெப்பநிலை என்ன என்று இரண்டு கட்டங்கள். நாட்குறிப்பைப் பார்த்து நிரப்பினேன். எச்சரிக்கை 113. நிறுத்தம் 122. 'சேமிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வந்தது.

என் குறிப்பில் இருப்பதை நான் இரண்டாம் முறை சரிபார்ப்பதில்லை. அலுவலகத்திலும் அப்படித்தான் பெயர் வாங்கியிருந்தேன்.

மே 12

கோமளாவுக்கு உடம்பு சூடு. 100.2. மாத்திரை கொடுத்தேன்.

டிஸ்குகள்: 105.8, 107.6, 104, 104. இந்த வாரத்தில் இதுதான் குறைவு. முன்பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டுக் கொசுவலைத் துணி ஒட்டியதில் காற்று தாராளமாகப் போகிறது. தூசியும் வராது.

மே 14

எல்லாம் ஏறிவிட்டது. 412 ஒலிப்பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் பெயரும் ஆண்டும் கொடுத்திருக்கிறேன்.

ஏழுமலை ஃபோன் செய்தார். "நாளைக்குக் கடைய இடிக்கறாங்க சார். அந்த மூட்டை ரெண்டையும் நீங்களே வெச்சுக்கறீங்களா?"

கேசட்டில் பூஞ்சை, சிடியில் கீறல். வீட்டில் இடமும் இல்லை. "வேண்டாம் ஏழுமலை. எல்லாம் பத்திரமாக இருக்கிறது. மூட்டையை அனுப்பிவிடுகிறேன்" என்றேன். மாலையில் அனுப்பியும் விட்டேன்.

மே 15

மதியம் டிஸ்க் அறையில் நாற்காலியிலேயே கண் அயர்ந்துவிட்டேன். ரீங்காரத்துக்கு நடுவில் 1991ஆம் ஆண்டு வந்தது. ஊரில் வாந்திபேதி பரவிய கோடை. சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு தெருவில், "குடிநீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். ஈ மொய்த்த பண்டங்களை உண்ணாதீர்கள்." நகராட்சி இதுவரை எதையும் ஒப்புக்கொள்ளவில்லையே, யார் சொல்லி இந்த ஆட்டோ போகிறது என்று பின்னாலேயே போனேன். ஒரு தெருவில் குரல் இருக்கிறது, திரும்பினால் ஆட்டோ இல்லை. அடுத்த தெருவில் இருக்கிறது. வெயிலில் தார் உருகிச் சக்கரத்தில் ஒட்டியது. கோட்டை அகழியைச் சுற்றி வந்தேன். குரல் தண்ணீருக்கு மேலே வந்தது.

கடைசியில் அந்தக் குரலுக்குரிய கோமளா, நகராட்சி சுகாதாரப் பிரிவில் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் என்று கேட்டேன். நிமிராமலே சொன்னாள். "அதை ஆபீசரைக் கேளுங்க. எனக்குப் பேச மட்டும்தான் சொல்லியிருக்காங்க."

கண் விழித்தபோது கோமளா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னங்க, கொஞ்ச நேரம் வந்து உட்காருங்களேன். நாளைக்கு ஆஸ்பத்திரி போறதுக்கு முன்னாடி சில விஷயம் சொல்லணும்."

"இந்த ஒரு டிஸ்க் சோதனை முடியட்டும். வருகிறேன்."

அது நான்கு மணி நேரச் சோதனை. முடிந்தபோது அவள் தூங்கியிருந்தாள்.

மே 16

மருத்துவமனை. ஸ்கேன், ரத்தம், மயக்க மருந்து டாக்டர். ஒரு நாள் தங்கச் சொல்லிவிட்டார்கள். வார்டில் ஏர்கூலர் இல்லாமலே குளிர்ச்சியாக இருக்கிறது. கோமளா நன்றாகத் தூங்கினாள்.

மே 17

மாலை நான்கரை மணிக்கு வீடு திரும்பினோம். படியேறும்போதே மின்சாரம் இல்லை என்று தெரிந்தது. மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. பேப்பரில் வந்திருக்கிறது. முப்பத்தொரு ஆண்டுகள் அந்த அறிவிப்பை எழுதியவன் படிக்கவில்லை.

இன்வெர்ட்டரில் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. ஏர்கூலருக்கு இன்வெர்ட்டர் இணைப்பு கிடையாது. தூசி வராமல் இருக்க ஜன்னலை மூடிவிட்டுப் போயிருந்தேன். தட்டி சருகாகக் காய்ந்திருந்தது. அறையைத் திறந்ததும் காய்ந்த தகரத்தின் வாசனை.

ரீங்காரம் இல்லை. டிக் என்று ஒரு ஒலி. இடைவெளி. மறுபடி டிக்.

திரையில் டிஸ்க் 3: 61. டிஸ்க் 4: 59. ஒன்றுக்கும் இரண்டுக்கும் எண்ணே இல்லை.

மே 18

ஃபர்சானா காலையிலேயே வந்துவிட்டார். இரண்டு மணி நேரம் ஒவ்வொரு டிஸ்காகச் சோதித்தார். பிறகு அமைப்புப் பக்கத்தைத் திறந்தவர் திரையைத் தொட்டுக் காட்டினார்.

"சார், இது என்ன நம்பர்?"

"நூற்று இருபத்திரண்டு. ஆபத்து எல்லை."

"செல்சியஸ்ல நூத்தி இருபத்திரெண்டா? தண்ணியே நூறுல கொதிச்சுடும் சார்."

நாட்குறிப்பை எடுத்துக் காட்டினேன். மே 4ஆம் தேதிப் பக்கம். என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது.

ஃபர்சானா அதைப் படித்தார். பிறகு மெல்ல மூடி என் கையில் கொடுத்தார். "நான் ஒரு தடவை வந்து பார்த்திருக்கணும்" என்றார். அது அவர் தவறு இல்லை. அதை அப்போது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நான்கு டிஸ்கையும் சென்னையில் மீட்டுத் தருகிற இடத்துக்கு அனுப்புவதாக எடுத்துப் போனார். நம்பிக்கை வைக்காதீர்கள் என்றார்.

மே 19

ஏழுமலை: "சார், அன்னிக்கே காயலான் கடைக்குப் போட்டுட்டேனே. நீங்கதான வேணான்னீங்க."

காயலான் கடை: "கேசட்டா? அது அப்பவே உருக்கப் போயிருக்கும்."

மே 20

கோமளாவிடம் சொன்னேன்.

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. பிறகு தொடர்ந்தது. "சரி, அந்த ஏர்கூலரை ஹாலுக்குத் தள்ளிட்டு வாங்க" என்றாள்.

மே 22

மருத்துவமனை. அறை 214. காலை ஆறு மணிக்கு அழைத்துப் போவார்கள். மாலை வெயில் ஜன்னலில் தேன் நிறத்தில் நின்றது.

"இத்தனை நாள் பக்கத்து ரூம்ல பேசிட்டுதானே இருந்தேன்" என்றாள்.

நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"ரெண்டு மூட்டையில தேடினீங்களே. இதுவும் என் குரல்தானே? இதை ஏன் எடுக்கல?"

ஃபோனை எடுத்தேன்.  அவள் அதை வாங்கிப் பையில் போட்டாள். "வேணாம். இப்ப கேளுங்க."

"எழுதிக்கொள்ளவாவது செய்யட்டுமா?"

யோசித்தாள். "அது பரவாயில்ல. அது இல்லேன்னா உங்களுக்குக் காது கேக்காது."

நோட்டை விரித்தேன். அவள் சொன்னது சொன்னபடி:

"மொட்டை மாடில மோர் மிளகாய் காயுது. மழை வந்தா எடுத்து வைங்க, டிஸ்கை எடுத்து வைக்கற மாதிரி. நம்ம பெரிய இட்லிப் பானை ரெஜினா டீச்சர்கிட்ட இருக்கு. கேஸ் புக் பண்ற நம்பர் காலண்டருக்குப் பின்னாடி. உங்க நீலச் சட்டைக்குப் பட்டன் வெச்சுட்டேன். டாக்டர் என்னை எதாவது கேட்டா நீங்க முந்திக்கிட்டுப் பதில் சொல்லாதீங்க, நான் எழுதிக் காட்டுவேன். என் எழுத்து உங்க எழுத்தை விட நல்லா இருக்கும். அந்தப் பச்சைச் சட்டைக் குழந்தை கிடைச்சுட்டான். மறுநாளே. அவங்கம்மா ஆபீசுக்கு வந்து எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் குடுத்தாங்க. உங்ககிட்ட அப்பவே சொன்னேன், நீங்க ஏதோ செய்தின்னு ஓடிட்டிருந்தீங்க."

நடுநடுவே தண்ணீர் குடித்தாள். கரகரப்புக்குள் உற்றுக் கேட்டால் பழைய குரலின் வளைவு இருக்கிறது. அறிவிப்பில் 'கண்டவர்கள்' என்பதில் 'ள்'ளை ஒரு கணம் நிறுத்திவிட்டு விடுவாள். அது அப்படியே இருக்கிறது. நான்கு மாதங்களாகப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

விளக்குப் போடும் வரை பேசினாள். பதினேழு பக்கம். மீதிப் பக்கங்களை இங்கே எடுத்து எழுதவில்லை.

மே 23

காலை 6.10க்குப் போனாள். மதியம் 2.35க்கு வெளியே வந்தாள்.

மே 26

எண்களைக் குறிக்க நர்ஸ் அட்டை மாட்டியிருக்கிறார். 99.0. 98.8. நாள் முழுவதும் அதைப் படித்துக்கொண்டிருக்கலாம் போல் இருக்கிறது.

மே 28

கத்திரி முடிந்தது என்று வார்டில் யாரோ சொன்னார்கள். வெளியே எத்தனை டிகிரி என்று நான் பார்க்கவில்லை.

ஜூன் 6

வீடு. கோமளா என்னுடைய நிருபர் நோட்டுகளில் எழுதிப் பேசுகிறாள். அலமாரியில் புதிதாக ஒரு கட்டு இருந்தது. இன்று எழுதியவை: 'ஜன்னலைத் திறங்க.' 'ரசம் உப்பு இல்லை.' 'என்ன அப்படிப் பாக்கறீங்க.'

ஏர்கூலர் ஹாலில் இருக்கிறது.

ஜூன் 11

ஃபர்சானா வந்தார். இரண்டு டிஸ்க் அடியோடு போய்விட்டது, இரண்டு நல்லபடியாக இருக்கிறது. ஒலி ஒன்றுகூட மீளவில்லை. பெயர்ப் பட்டியல் மட்டும் கிடைத்ததாம். அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்.

கோமளா வாங்கிப் படித்தாள். ஆடித் தள்ளுபடி 1998. தேர் வரும் வழி 2001. குடிநீர் நிறுத்தம் 2003. பச்சைச் சட்டை 1992. ஒவ்வொரு வரியிலும் உதடு அசைந்தது. ஃபர்சானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 412 வரி. முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. பட்டியலில் சொல் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எந்த இடத்தில் நீட்டினாள், எங்கே நிறுத்தினாள் என்று தெரிந்தது.

ஜூன் 19

காலை பதினோரு மணி. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முதலில் பிரமை என்றுதான் நினைத்தேன். இரண்டு தெரு தள்ளி. பிறகு ஒரு தெரு தள்ளி.

"உப்பு… கல்லுப்பு… மரக்காணத்து வெள்ளைக் கல்லுப்பு. ஊறுகாய்க்கு உகந்தது, வடகத்துக்கு வாகானது. மூணு கிலோ இருபது ரூபாய். கூடையோட வாங்க தாயி, சாக்கோட வாங்க அய்யா…"

ஹாலுக்கு ஓடினேன். கோமளா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். மற்ற கையால் தன் மார்பைத் தொட்டுக் காட்டினாள்.

ஈரக் கையோடு கீழே இறங்கினேன். லோடு ஆட்டோ. கூரையில் நசுங்கிய புனல் ஸ்பீக்கர். ஓட்டுபவர் பெயர் சிங்காரம், ஐம்பது வயது. இந்தப் பக்கம் இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கிறாராம்.

"இந்தப் பதிவு ஏது?"

"ஒம்போது வருஷம் முன்னாடி ஏழுமலை கடைல பேசி வாங்கினது சார். நான் நேரா மெமரி கார்டுல ஏத்திக்கினு போயிட்டேன். இந்த அம்மாவால தினம் எனக்குச் சண்டை."

"ஏன்?"

"பழைய ரேட்டையே சொல்றாங்களே! இப்ப ரெண்டு கிலோ முப்பது. ஜனங்க, 'மைக்ல ஒண்ணு சொல்ற, நேர்ல ஒண்ணு சொல்றியா'ன்னு அடிக்க வர்றாங்க. மாத்தலாம்னா மனசு வரல. இந்தக் குரல் கேட்டாத்தான் கதவைத் தொறக்கறாங்க."

நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஸ்பீக்கருக்குள் கார்டு துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கிறது, எடுத்தால் உடையும் என்றார். புனலைத் தொட்டுப் பார்த்தேன். விரல் சுட்டது. ஒன்பது கோடை, தூசி, உப்புக்காற்று. ஃபேன் இல்லை, தட்டி இல்லை. பாடிக்கொண்டிருக்கிறது. ஃபோனை வெளியே எடுத்தேன். தெருவில் வைத்தே பதிவு செய்துவிடலாம். பொத்தானில் விரலை வைத்தபோது, ஐந்தாவது வீட்டில் ஒரு பெண் முறத்தோடு வெளியே வந்தாள். குரலைப் பார்த்து நடந்து வந்தாள். ஃபோனைச் சட்டைப் பையில் போட்டேன்.

"வியாழக்கிழமை தோறும் இந்தத் தெருவுக்கு வாருங்கள்" என்றேன்.

மேலே வந்தேன். கோமளா நோட்டை நீட்டினாள். 'எடுத்தீங்களா?'

"இல்லை. கேட்டேன்."

ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு எழுதினாள். 'உப்பு எங்கே?'

வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 26

வியாழன். இரண்டு கிலோ வாங்கினேன்.

ஜூலை 3

இரண்டு கிலோ.

ஜூலை 10

இன்றும் இரண்டு. வாங்கிய உப்பு ஆறு கிலோ ஆகிவிட்டது. ஊறுகாய் ஜாடி, ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாம் நிரம்பிவிட்டது. ரெஜினா டீச்சருக்கும் கொடுத்தாயிற்று. வண்டி தெருமுனை திரும்பும் வரை கோமளா ஜன்னலில் நின்றாள். பிறகு உட்கார்ந்து ஒரு பக்கம் முழுவதும் எழுதினாள். அப்படியே தருகிறேன்:

'அந்த மனுஷனை நான் தினம் அடி வாங்க வைக்கிறேன். தப்பு ரேட் சொல்கிறேன். செப்டம்பரில் பேசப் பழக்குவாங்க என்று டாக்டர் சொன்னார் இல்லையா. பேச வந்ததும் முதல் வேலை இதுதான். ரெண்டு கிலோ முப்பது என்று திருத்திப் பேசித் தரணும். பழசு ஓடட்டும், அதுக்குப் பின்னாடி இது வரட்டும். ஏழுமலைகிட்ட மைக் இருக்கா என்று கேளுங்க.'

ஏழுமலைக்கு ஃபோன் செய்தேன். கடை இல்லாவிட்டாலும் மைக் வீட்டில் இருக்கிறது என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "அந்தக் குரல் எப்படி இருக்கும் சார்? வேற மாதிரி இருக்கும்னு சொல்றாங்களே."

"எப்படி இருந்தாலும்" என்றேன்.

மாலையில், ஃபர்சானா திருப்பித் தந்த நல்ல டிஸ்குகள் இரண்டையும் பெட்டியில் பொருத்தினேன். இடைவெளி விட்டு. அம்புக்குறி பார்த்து. ஜன்னல் திறந்திருக்கிறது. வெளியே வைக்கும் காப்பிக்கு ஒரு பென் டிரைவ் வாங்கி ரெஜினா டீச்சரிடம் கொடுத்திருக்கிறேன். காலியாகத்தான் இருக்கிறது. அவர் அதைத் தன் பீரோவில், நகைப் பெட்டிக்குள் வைத்தார்.

எச்சரிக்கை 45. நிறுத்தம் 50. கோமளாவையும் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொன்னேன். படித்துவிட்டுத் தலையசைத்தாள்.

டிஸ்குகள் காலியாக ஓடுகின்றன. 36, 37.

கோமளா 98.4.